உள்ளங்காலிலிருந்து தாளுக்கு: நடக்கும்போது உடம்பு உணர்வதை வரையும் முறை

வேலூர்க் கோட்டை அகழியோரம் காலையில் நடந்துவிட்டு வரும் ஒருவரிடம் தாளையும் பென்சிலையும் கொடுத்து, நடந்ததை வரையுங்கள் என்று சொன்னால், அவர் பெரும்பாலும் மதிலை வரைவார், அகழி நீரை வரைவார், வழியில் நின்ற மரத்தை வரைவார். அவையெல்லாம் கண்ணில் பட்டவை. அந்த அரை மணி நேரத்தில் குதிகால் தரையில் எப்படி மோதியது, கெண்டைக்காலில் எந்த இடத்தில் இறுக்கம் தொடங்கியது, மூச்சு எப்போது மூக்கிலிருந்து வாய்க்கு மாறியது என்பவை தாளுக்கு வருவதே இல்லை. நடந்தது உடம்பு, படத்தில் இருப்பதோ ஊர். உடம்பு பட்டதைத் தாளுக்குக் கொண்டுவரும் வழியைத்தான் இங்கே விவரிக்கிறேன். பல ஆண்டுகளாக நான் செய்து வருவதும், ஓவியம் கற்க வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் இதுவே. ஓவியப் பயிற்சி இல்லாதவர்கள் இதற்குத் தயங்க வேண்டியதில்லை. பயிற்சி உள்ளவர்களின் கை, ‘கால்’ என்றதும் காலின் உருவத்தை நோக்கி ஓடிவிடுவதால், அவர்களுக்குத்தான் தொடக்கம் கடினமாக இருக்கிறது.

முதலில் ஒரு விதியை ஏற்றுக்கொள்ள வேண்டும். எந்த உறுப்பு எவ்வளவு உணரப்பட்டதோ அந்த அளவுக்கே அது தாளில் இடம் பெற வேண்டும். செருப்பின் வார் உரசிய ஒரு சிறு புள்ளி நடை முழுவதும் உங்களைத் தொந்தரவு செய்திருந்தால், அந்தப் புள்ளி தாளில் பாதியை நிரப்பலாம்; ஒரு முறையும் நினைவுக்கு வராத இடது தோள் தாளில் இருக்கவே வேண்டாம். இது மனம்போன போக்கு அன்று. மூளையே உடம்பை இப்படித்தான் வைத்திருக்கிறது. வைல்டர் பென்ஃபீல்டு, எட்வின் போல்ட்ரே என்ற இரு மருத்துவர்கள், விழித்த நிலையில் மூளை அறுவை செய்துகொண்டவர்களின் மூளை மேற்பரப்பை மென்மையான மின்னோட்டத்தால் தூண்டி, எந்த இடம் உடம்பின் எந்தப் பகுதியை உணர்கிறது என்று 1937இல் வரைபடமாக வெளியிட்டார்கள். அதில் உதடும் கைவிரல்களும் மிகப் பெரிய இடத்தைப் பிடித்திருந்தன. முதுகு முழுவதற்கும் கிடைத்த இடம் கொஞ்சமே. ஆஸ்திரிய ஓவியர் மரியா லாஸ்னிக் (1919–2014) தம் வாழ்நாளில் பெரும்பகுதியை இதே விதிக்குக் கொடுத்தார்: தம் உடம்பைக் கண்ணாடியில் பார்த்து வரையாமல், உள்ளிருந்து உணர்ந்தபடி வரைந்தார், அந்த வேளையில் உணராத பகுதியை வரையாமலே விட்டார். காது இல்லாத தலையும் கை இல்லாத தோளும் அவருடைய படங்களில் இருப்பது அதனால்தான்.

வேண்டிய பொருள்கள் குறைவு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பரீட்சைக்குக் கொண்டுபோகும் கிளிப் வைத்த அட்டை ஒன்று, அதில் செருகப் பத்துப் பன்னிரண்டு வெள்ளைத் தாள்கள், 2பி, 6பி பென்சில்கள், ஒரு கரித்துண்டு, ஒரு ரப்பர். பேனா வேண்டாம். நம் ஊர் வெயிலில் உள்ளங்கை வியர்த்தபடியே இருக்கும். ஜெல் பேனாவால் வரைந்த ஒரு மாதத்துப் படங்கள் அப்படியே எனக்குக் கரைந்து போயிருக்கின்றன. பென்சிலும் கரியும் வியர்வையில் கலங்கினாலும் அந்தக் கலங்கலும் நடையின் தடமாகவே நிற்கும். மேலும், அழுத்தத்துக்கு ஏற்ப அடர்ந்தும் மெலிந்தும் வருவது பென்சிலுக்குள்ள குணம். இந்த வேலையின் உயிரே அழுத்தம்தான்.

ஒரு நடைக்கு ஓர் உணர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று உள்ளங்கால், நாளை மூச்சு, மறுநாள் தோல்மேல் வெயில். எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடிக்க முயன்றால் எதுவும் கூர்மையாக வராது. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: மாறாமல் தொடரும் தொடுகையைத் தோல் விரைவில் அறிவிப்பதை நிறுத்திவிடும். காலையில் போட்ட செருப்பின் வார் இரண்டு நிமிடத்தில் மறந்துபோவது அதனால்தான். ஆகவே நடை முடிந்து வீட்டுக்கு வந்து வரைவதைவிட, தரை மாறும் இடத்தில் நின்று அங்கேயே ஒரு நிமிடத்துக்குள் வரைந்துவிட்டு நகர்வது நல்லது. ஒரு நிறுத்தத்துக்கு ஒரு தாள் போதும். தாளின் மூலையில் நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

உள்ளங்காலில் தொடங்குவோம். வேலூர்க்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஒரே காலையில் மூன்று நான்கு விதமான தரைகள் கிடைக்கும். விஜயநகரக் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில், கருங்கல்லால் எழுப்பப்பட்ட கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் இருக்கிறது. செருப்பை வெளியே விட்டுவிட்டு அந்தக் கல்தளத்தில் மெதுவாக நடந்து பாருங்கள். தேய்ந்த கல் வழவழப்பாகவும் குளிர்ந்தும் இருக்கும்; இரண்டு கற்கள் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய விளிம்பு பாதத்தைக் குறுக்காக வெட்டும். அந்த விளிம்பு பெருவிரலின் அடியிலா, பாதத்தின் வளைவிலா, குதிகாலிலா, எங்கே பட்டது என்று கவனித்து, பட்ட இடத்தில் மட்டும் ஒரு கோடு. பாதத்தின் வெளிக்கோட்டை வரையாதீர்கள். அதை வரைந்துவிட்டால் மீதியைக் கண் நிரப்பத் தொடங்கிவிடும். பிறகு வெளியே வந்து தார்ச்சாலை ஓரத்தில் சிறிது தூரம், அதன்பின் முடிந்தால் பாலாற்றில் மணல் இன்னும் எஞ்சியிருக்கும் இடத்தில் சிறிது தூரம். மணலில் குதிகால் புதைகிறது, விரல்கள் உந்தும்போது மணல் பின்னுக்கு நழுவுகிறது, அந்த நழுவலை ஈடுகட்டக் கெண்டைக்கால் இழுபடுகிறது. கல்லில் நடந்த தாளில் தனித்தனியான கூர்மையான கோடுகள் இருக்கும். மணலில் நடந்த தாளில் கரித்துண்டைப் படுக்கவைத்துத் தேய்த்த அகலமான பட்டைகள் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தத் தாள் எந்தத் தரை என்று படத்தை அறியாத ஒருவரும் சொல்லிவிடுவார். அப்படிச் சொன்னால் உங்கள் கை சரியான இடத்திலிருந்து வரைகிறது என்று பொருள்.

காலடியின் தாளத்தையும் தாளில் கொண்டுவரலாம். சாதாரண நடையில் ஒரு கால் தன் சுற்றில் ஏறக்குறைய 60 விழுக்காடு நேரம் தரையில் இருக்கிறது, 40 விழுக்காடு காற்றில் இருக்கிறது. தரையில் இருக்கும் நேரத்திலும் சுமை ஒரே சீராக இருப்பதில்லை: குதிகால் ஊன்றியபின் ஒரு முறை ஏறுகிறது, நடுவில் சற்றுத் தணிகிறது, விரல்கள் உந்தும்போது மறுபடி ஏறுகிறது. இரண்டு மேடு, நடுவில் ஒரு பள்ளம். இதைப் படிப்பதோடு நிற்காமல் உங்கள் காலில் தேடுங்கள். ஒரு காலை மட்டும் கவனித்து இருபது அடி நடந்துவிட்டு நின்று, பென்சிலைத் தாளில் வைத்து, அந்தத் தாளத்தை இடமிருந்து வலமாக ஒரே கோடாக இழுங்கள்: அழுத்தம், தளர்வு, அழுத்தம், பிறகு தாளைத் தொட்டும் தொடாமலும் ஒரு நீளம். முதல் நாள் அது இயந்திரம் போட்ட கோடுபோல ஒரே சீராக வரும். அது நீங்கள் அறிந்ததை வரைந்தது. நான்காம் ஐந்தாம் நாளில் வலது காலுக்கும் இடது காலுக்கும் வேறுபாடு தெரியத் தொடங்கும். அதுதான் உணர்ந்தது.

சொற்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். நடந்து களைத்தவர் ‘கால் வலி’ என்று மனத்துக்குள் சொல்லிவிட்டால், அந்த நொடியே உணர்வு மூடிக்கொள்கிறது. கை எதையோ முறுக்கிச் சிவப்பாகத் தீட்டிவிட்டு ஓய்ந்துவிடும். ஆகவே கோடு முதலில், சொல் பிறகு. ஆனால் சொல்லே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உடம்பு படுவதைச் சொல்லத் தமிழில் இருக்கும் வளம் ஓவியம் வரைகிறவருக்குப் பெரிய சொத்து. குத்தல் வேறு, குடைச்சல் வேறு, கடுப்பு வேறு, உளைச்சல் வேறு, எரிச்சல் வேறு, இழுப்பு வேறு. குத்தலுக்கு ஒரு புள்ளியும் ஒரு கணமும் உண்டு; குடைச்சல் ஓரிடத்தில் நின்று சுழல்கிறது; உளைச்சலுக்கு எல்லையே தெரியாது, முழங்காலுக்குக் கீழே எங்கோ பரவிக் கிடக்கும். கோட்டைப் போட்டபின் இவற்றில் எந்தச் சொல் அதற்குப் பொருந்துகிறது என்று பாருங்கள். நீங்கள் குத்தல் என்று நினைத்தது தாளில் சுழலாக வந்திருந்தால், நம்ப வேண்டியது தாளை.

இரட்டைக்கிளவிகள் இன்னும் நெருங்கி உதவும். முழங்கால் ‘வெடவெட’வென்று ஆடுவதும், நெஞ்சு ‘படபட’வென்று அடிப்பதும், கட்டைவிரல் ‘விண்விண்’ என்று தெறிப்பதும் பிரித்தால் பொருள் தராத ஒலிகள். சேர்ந்தே பொருள் தருவதுபோல, சேர்ந்தே ஒரு தாளத்தையும் தருகின்றன. வாய்க்குள் அந்த ஒலியைச் சொல்லிக்கொண்டே பென்சிலை நகர்த்தினால் இடைவெளி தானாக அமையும். ‘விண்விண்’ என்பதற்கு என்னிடம் வருகிறவர்கள் பலரும் விலகி விலகி நிற்கும் தடித்த புள்ளிகளையே இடுகிறார்கள். ‘வெடவெட’ என்பதற்கு நெருக்கமான சிறு அலைகள் வருகின்றன. நான் யாருக்கும் அதைக் காட்டிக் கொடுத்ததில்லை.

மூச்சை வரைய மலையேற வேண்டும். சமதளத்தில் மூச்சு தன்னைக் காட்டிக்கொள்ளாது. பழைய வட ஆற்காட்டில் இதற்கு ஏற்ற இடம் சோளிங்கர். இப்போது அது ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. யோக நரசிம்மர் கோயில் இருக்கும் பெரிய மலைக்கு 1305 படிகள். ஒவ்வொரு நூறு படிக்கும் ஒருமுறை ஓரமாக ஒதுங்கி நின்று, தாளைப் பார்க்காமல், பத்து மூச்சுகளை வரையுங்கள்: மூச்சு உள்ளே போகும்போது பென்சில் மேலே, வெளியே வரும்போது கீழே. உச்சிக்குப் போவதற்குள் பதின்மூன்று பட்டைகள் சேர்ந்திருக்கும். முதல் பட்டையில் உயரமான, அகன்ற அலைகள். நடுவில் அலைகள் நெருங்கி, மேல்முனை கூர்மையாகும். எங்கோ ஓரிடத்தில் வாயால் மூச்சுவிடத் தொடங்கியிருப்பீர்கள், அங்கே கோட்டின் தடிமன் மாறியிருக்கும். குரங்குகள் அதிகம் உள்ள மலை. பையிலிருந்து தாளை எடுக்கும்போது தின்பண்டம் எடுப்பதாக எண்ணி அவை நெருங்கும். பையில் உணவு வைக்காமல் போவது நல்லது.

இறங்கும்போது வேறு பாடம். இறக்கத்தில் தொடையின் முன்தசை சுமையைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருப்பதால், ஏறும்போது வராத நடுக்கம் இறங்கும்போது வரும். கடைசிப் படிகளுக்கு வந்ததும் உட்காராமல், ஒரு காலை ஒரு படி மேலே வைத்து நின்று, அட்டையை அந்தத் தொடைமேல் வைத்து, பென்சிலின் நுனி தாளைத் தொடும்படி தளர்வாகப் பிடித்து, அட்டையைத் தொடையின் போக்கிலேயே விட்டுவிடுங்கள். நடுக்கம் தானே எழுதும். முப்பது நொடியில் தாளில் விழும் அந்தக் கொத்துக் கோடுகளைப் போல் நேர்மையான கோட்டை நினைத்து வரைய முடியாது. அமெரிக்க ஓவியர் வில்லியம் அனஸ்தாசி நியூயார்க் சுரங்க ரயிலில் உட்கார்ந்து, கைக்கு ஒரு பென்சிலாக வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, ரயிலின் ஆட்டத்தையே வரையவிட்டார். மலையேற முடியாதவர்கள் காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் டவுன் பஸ்ஸில் இதைச் செய்து பார்க்கலாம். நடையைப் பற்றியதாக இல்லாவிட்டாலும், கையைத் தளரவிடும் பழக்கம் அதில் வந்துவிடும்.

வெப்பம் கோட்டுக்கு அடங்காது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில், சுற்றியுள்ள மொட்டைப் பாறைக் குன்றுகளும் சேர்ந்து காயும்போது, தோல் உணர்வது ஒரு பரப்பு. அதற்கு ஓரம் இல்லை. நான் கண்ட வழி இது: தாள் முழுவதையும் கரியால் நிரப்பிவிட்டு, வெயில் விழுந்த இடத்தை ரப்பரால் எடுப்பது. பிடரியில் அதிகம், தோளின் மேல்பகுதியில் அதிகம், அக்குளில் எடுப்பதே இல்லை. வியர்வை வழிந்த தடத்துக்கு ஈர விரலால் ஒரு இழுப்பு. மதிய வெயிலில் இதற்காக யாரும் போக வேண்டாம். காலை எட்டரை மணி வெயிலே போதும்.

இனி இந்த மண்ணுக்கே உரிய ஒரு பாடம். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்டு என்ற அறுவை மருத்துவர், தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் சிதைவதற்குக் காரணம் தசை தானாக அழுகுவதன்று என்பதைக் கண்டு சொன்னவர்களில் முதன்மையானவர். நரம்பு பாதிக்கப்பட்டு வலி தெரியாமல் போவதால், காயத்தின்மேலேயே மீண்டும் மீண்டும் சுமை விழுகிறது. நல்ல உணர்வுள்ள கால் நீண்ட நடையில் ஓரிடம் நோகத் தொடங்கியதும், நமக்கே தெரியாமல் சுமையைச் சற்று வேறு பக்கம் மாற்றிக்கொள்ளும். உணர்விழந்த கால் அப்படி மாற்றாமல், புண்ணாகும்வரை ஒரே இடத்தில் ஊன்றிக்கொண்டே இருக்கும். அதற்காகத்தான் மென்மையான நுண்துளை ரப்பர் செருப்புகள் இங்கும் வேலூரை அடுத்த கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் உருவாக்கப்பட்டன. பின்னாளில் அமெரிக்காவில் பணிசெய்தபோது அவர், அழுத்தம் பட்டால் உடைந்து சாயம் விடும் நுண்ணிய உறைகள் பதித்த காலுறையை நோயாளிகளுக்கு மாட்டி நடக்கவைத்து, எங்கே சுமை அதிகம் விழுகிறது என்பதைச் சாயத்தின் அடர்த்தியால் கண்டார். நடையே தன்னை வரைந்துகொண்ட படம் அது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பயிற்சி எளிது. கறுப்புச் சார்ட் தாளைத் தரையில் விரித்து, உள்ளங்காலில் கோலமாவைப் பூசி, நிற்காமல் அதன்மேல் நடந்து கடக்க வேண்டும். நின்றால் நிற்கும் பாதம்தான் பதியும். நடைக்கு முன் ஒரு பதிவு, நடை முடிந்ததும் ஒரு பதிவு. நீண்ட நடைக்குத் திருவண்ணாமலை கிரிவலத்தைவிடப் பொருத்தமானது இல்லை: 14 கிலோமீட்டர், அதுவும் வெறுங்காலால். (1989வரை அந்த ஊரும் வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது.) தொடங்கியபோது குதிகாலில் அழுந்தியிருந்த வெண்மை, முடிந்தபோது பாதத்தின் வெளிவிளிம்புக்கு நகர்ந்திருப்பதைப் பார்க்கலாம். அந்த நகர்வு எந்த லிங்கத்தின் அருகே நடந்தது என்று நினைவைத் தேடி, இரண்டு பதிவுகளுக்கும் நடுவே கரியால் வரையுங்கள். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள் இதில் எதையும் வெறுங்காலால் செய்யக் கூடாது. அவர்கள் காலுக்குப் பொருந்திய காலணியுடன் நடந்து, முழங்கால், இடுப்பு, மூச்சு ஆகியவற்றை வரையலாம்.

சுமையைக் கையால் காட்டுவதற்கு ஒரு பழக்கம் நம் வீடுகளிலேயே இருக்கிறது. கிருஷ்ண ஜெயந்தியன்று வாசலிலிருந்து பூஜை அறைவரை அரிசிமாவுக் கரைசலால் பாதம் வைப்போம். முஷ்டியை மூடி, சுண்டுவிரல் பக்கத்தைக் கரைசலில் தோய்த்துத் தரையில் வைத்தால் பாதம் வரும். விரல்நுனியால் ஐந்து புள்ளி வைத்தால் விரல்கள் வரும். இடக்கையும் வலக்கையும் மாறி மாறி வைத்தால் நடை வரும். சிறுவயதில் குடியாத்தத்தில் என் அத்தையோடு பாதம் வைத்தபோது, நான் அழுத்தி வைத்த முஷ்டிகள் பெரிய ஆளின் காலடிபோலப் பரவிவிட்டன. “அழுத்தாதடி, வர்றது கொழந்தை” என்றார் அத்தை. எடையைக் குறைத்து வைத்ததும் பாதங்கள் சிறுத்து, நடுவில் வளைவோடு வந்தன. தாளில் நடையை வரையும் எவரும் முதலில் ஒரு தட்டில் மாவைக் கரைத்து வைத்துக்கொண்டு, சிமெண்டுத் தரையில் கனத்த ஆள், களைத்த ஆள், நொண்டும் ஆள் என்று பாதங்களை வைத்துப் பழகினால், பென்சிலில் அழுத்தம் எப்படிப் பேசும் என்பது கைக்குப் புரிந்துவிடும்.

இரண்டு தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. ஒன்று, படம் அழகாக வர வேண்டும் என்று வீட்டில் வைத்துத் திருத்துவது. நடையில் போட்ட தாளைத் திருத்தாதீர்கள். அதைப் பார்த்து வேறு தாளில் வேண்டுமானால் வரையுங்கள். மற்றொன்று, உணர்வுக்கு ஒரு குறியைக் கண்டுபிடித்ததும் அதையே எப்போதும் போடுவது. எரிச்சல் என்றால் குறுக்குக்கோடு என்று முடிவு செய்துவிட்டால், அடுத்த முறை எரிச்சலை நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள்.

பத்துப் பதினைந்து நடைகள் சேர்ந்ததும் பெரிய படம் தொடங்கலாம். உங்கள் உயரத்துக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில் வெள்ளைத் தாள்சுருள் ஒன்றைச் சுவரில் ஒட்டி, சிறு தாள்களை நேரக் குறிப்பின் வரிசையில் அதன்கீழே தரையில் பரப்பிவையுங்கள். பார்த்துப் படியெடுக்க வேண்டாம். ஒரு தாளைக் கையில் எடுத்து, அது எந்த உறுப்பில் நிகழ்ந்ததோ அந்த உறுப்பை அசைத்து, உணர்வு ஓரளவு திரும்பியதும், தோளிலிருந்து கையை வீசிச் சுவரில் வரையுங்கள். மணிக்கட்டால் வரைந்தால் சிறு தாளின் அளவிலேயே நின்றுவிடும். கால் பற்றிய கோடுகள் கீழே, மூச்சு மேலே என்ற கட்டாயம் இல்லை. எது அதிகம் உணரப்பட்டதோ அது நடுவுக்கு வரட்டும். முடிந்ததும் கரி உதிராமலிருக்க, ஓவியப் பொருள் கடைகளில் கிடைக்கும் ஃபிக்ஸேட்டிவ் தெளிப்பானை ஒரு முழத் தொலைவிலிருந்து இரண்டு முறை மெல்லியதாக அடித்து, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் காயவிடுங்கள். சிறு தாள்களை இடையிடையே பட்டர் தாள் வைத்து, நடந்த வழியின் பெயரையும் தேதியையும் பின்பக்கம் எழுதி அடுக்கிவையுங்கள். அதே வழியை அடுத்த ஆண்டு மார்கழியில் நடக்கும்போது அவற்றை எடுத்துப் போக வேண்டியிருக்கும்.